கூடத்துச் சுவரில் ஒரு தொடுதிரை: நாலைந்து மழைக்காலம் கழிந்த பிறகு

புதுசாக வீடு கட்டும் சொந்தக்காரர்கள் என்னைப் பிடித்தால் கேட்பது இதைத்தான்: லைட், ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் சுவரில் மாட்டிய ஒரு டச் ஸ்கிரீனுக்குள் கொண்டுவந்துவிடலாமா? கொண்டுவரலாம். ஆனால் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திரையை வைக்காதீர்கள். பார்ப்பதற்குத் திரை நன்றாக உழைக்கும். கை வைப்பதற்கு சுவிட்சுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விவரம் தேவைப்படும்.

எங்கள் வீடு ஆடுதுறைப் பக்கம். முன்பகுதி முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. பின்னால் அப்பா சேர்த்துக் கட்டிய தளம் போட்ட பகுதி, அதன்மேல் மாடியில் ரெண்டு ரூம். கூடத்தில் பத்து இஞ்ச் ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று மாட்டியிருக்கிறேன். சமையலறை வாசலில் உள்ளங்கை அளவில் ஒரு சின்னத் திரை. மாடி ரூம்களில் சுவிட்ச் போர்டுக்குப் பதிலாகக் கண்ணாடி டச் பேனல். எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட்.

ஹோம் அசிஸ்டன்ட் 2013-ல் பாலஸ் ஸ்கவுட்சன் என்பவர் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். எங்கள் ஊரில் ரோடு தோண்டினாலும் ஃபைபர் அறும், காற்றடித்துத் தென்னை மட்டை விழுந்தாலும் அறும். கொல்லை லைட்டைப் போட கட்டளை எங்கோ ஒரு சர்வருக்குப் போய்த் திரும்பி வரவேண்டுமென்றால் நம் கொல்லை இருட்டாகவே கிடக்கும். அந்த சர்வரே ஒருநாள் இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. அமெரிக்காவில் இப்படி வீட்டு லைட், சுவிட்சுகளுக்கான கருவிகளை விற்ற இன்ஸ்டியான் என்ற கம்பெனி 2022 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை நிறுத்தியது. வாங்கி மாட்டியவர்களுக்கு ஆப் இருந்தது, வேலை நடக்கவில்லை. பிறகு அதன் பயனர்கள் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி உயிர் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது.

முதலில் விரல் விஷயம். கடைக்காரர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இப்போது வரும் டேப்லெட், போன், கண்ணாடி சுவிட்ச் எல்லாம் கெப்பாசிட்டிவ் வகை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தி வலை ஒன்று இருக்கும். நம் உடம்பும் மின்சாரம் கடத்துவதால், விரல் கிட்டே வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்குத் திறன் மாறும். அந்த மாற்றத்தைத்தான் திரை தொட்டதாக எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதற்குக் கணக்கே இல்லை.

அப்பா வயலில் இறங்குகிற மனுஷர். மண்வெட்டி பிடித்துப் பிடித்து விரல்நுனி காய்த்துப்போயிருக்கும். தோல் தடித்து உலர்ந்திருந்தால் திரைக்கு அது விரலாகவே தெரியாது. அவர் குத்துவார், திரை சும்மா இருக்கும். இன்னும் பலமாகக் குத்துவார். அம்மா கதை நேர்மாறு. அரிசி களைந்த கையோடு வருவார். கண்ணாடியில் வழியும் ஒரு கோடு தண்ணீரைத் திரை இன்னும் ரெண்டு விரல் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு லைட்டைப் போடப் போய் மூணு லைட் அணையும். “தம்பி, நான் குத்துனாலும் கேக்க மாட்டேங்குது, உங்கம்மா தொடாமயே கேக்குதே” என்றார் அப்பா.

செட்டிங்கில் டச் சென்சிட்டிவிட்டியைக் கூட்டி, பொத்தான்களைப் பெரிசாக்கி, விரல்நுனிக்குப் பதில் கட்டைவிரலை அகலமாக வைக்கச் சொன்னதில் அப்பாவின் பிரச்சினை பாதி தீர்ந்தது. அம்மாவுக்காக சமையலறைத் திரையை மாற்றினேன். அது இப்போது ரெசிஸ்டிவ் வகை. மேலே ஒரு மெல்லிய படலம், கீழே ஒரு படலம், நடுவில் மயிரிழை இடைவெளி. அழுத்தினால் ரெண்டும் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். ஈரக் கை, மாவுக் கை, கரண்டிக் காம்பு எதில் அழுத்தினாலும் வேலை செய்யும். நம் பக்கத்து நவீன அரிசி ஆலைகளில் தவிடும் தூசியுமாக ஒரு கண்ட்ரோல் பேனலை ஆட்கள் விரலால் குத்திக்கொண்டிருப்பார்களே, அதுவும் பெரும்பாலும் இதே வகைதான். படம் மங்கல், விரலால் தள்ளினால் வழுக்காது, அழகு போதாது. எங்கள் வீட்டில் புகார் வராத ஒரே திரை அது.

அதில் தமிழ் மட்டும் வம்பு பண்ணியது. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத்தான் அதற்கு வரையத் தெரியும். ‘கொல்லை’ என்று கொடுத்தால் கொம்பும் காலும் ககரத்தை விட்டுத் தனித்தனியே நின்றன. கடைசியில் கம்ப்யூட்டரில் எழுதி, படமாக்கி ஒட்டினேன். கூடத்து டேப்லெட்டில் எழுத்து சரியாக வரும். ஆனால் நம் சொற்கள் நீளம். பொத்தானுக்குள் அடங்காமல் ‘மாடிப்படி லை…’ என்று அறுந்து நிற்கும். வீட்டில் வாயில் புழங்குகிற குட்டைப் பெயராகவே வையுங்கள். ‘படி’, ‘கொல்லை’, ‘ரேழி’ போதும்.

திரை தானாகத் தொட்டுக்கொள்வது அடுத்த தலைவலி. யாருமில்லாத கூடத்தில் ஃபேன் ஓடி நிற்கும். ரெண்டு காரணம் கண்டுபிடித்தோம். முதலாவது சார்ஜர். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின்னிரைச்சல் திரையின் அளவீட்டைக் குழப்பும். வயரைப் பிடுங்கினால் திரை ஒழுங்காக இருக்கும், மாட்டினால் மறுபடி ஆடும். டேப்லெட்டோடு வந்த சார்ஜரையே போட்டதும் அடங்கியது. அப்படியே வீட்டு எர்த்தையும் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பி பேருக்குத்தான் இருக்கும்.

ரெண்டாவது காரணம் பல்லி. சிரிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் சுற்றிலும் பயிர் நிற்கும்போது விளக்கு வைத்த நேரத்தில் தத்துப்பூச்சி எப்படி மொய்க்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கூடத்திலேயே வெளிச்சமான சுவர்த்துண்டு அந்தத் திரை. பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும், பல்லியின் பாதமும் திரைக்கு ஒரு விரல்தான். 2017-ல் ஹவாயில் கடல்வாழ் பாலூட்டிகளுக்கான ஒரு மருத்துவமனையில் ஒரு பல்லி டச் போன் மீது ஏறி ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் போன் போட்டுத் தள்ளியது செய்தியிலேயே வந்தது. எங்கள் பல்லி மோட்டாரைப் போட்டுவிட்டது. மேல்தொட்டி வழிந்து சத்தம் கேட்டுத்தான் விழித்தோம்.

அதன்பிறகு மோட்டார் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும்படி வைத்து, அதற்கு மேல் ஒரு ‘நிச்சயமா?’ கேள்வியும் போட்டேன். ஹோம் அசிஸ்டன்டில் ரெண்டுக்கும் வசதி உண்டு. டேப்லெட்டில் ஃபுல்லி கியாஸ்க் பிரவுசர் என்ற ஆப் ஓடுகிறது; இந்தப் பொத்தான் பக்கத்தைத் திரை முழுக்கக் காட்டுவது அதுதான். முன்கேமராவில் அசைவு தெரிந்தால் திரையை எழுப்பும் வசதி அதில் இருக்கிறது. பகலில் அருமை. ராத்திரியில் பூச்சி பறந்தாலும் எழுப்பும், எழுந்தால் வெளிச்சம், வெளிச்சத்துக்கு இன்னும் பூச்சி. ஆகவே பொழுது சாய்ந்தால் அதை அணைத்துவிட்டேன். தட்டினால் மட்டும் விழிக்கும்.

மாடியிலுள்ள கண்ணாடி பேனலைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகமில்லை. பார்க்க லட்சணம். வந்தவர்கள் எல்லாரும் விசாரிப்பார்கள். ஆனால் இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைத் தேடும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. இதில் தடவினாலே நாலும் எரியும். விரலுக்கு மேடு பள்ளம் தெரியாததால், போட்டோமா அணைத்தோமா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். கண்ணாடியில் கைக்கு நிலைமை தெரியாமல் போவது வீட்டு லைட்டோடு நின்றால் பரவாயில்லை. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். அதில் சுக்கானும் வேகமும் தொடுதிரையில்தான் இருந்தன. எந்த மேசையிலிருந்து கப்பல் திருப்பப்படுகிறது என்று ஆட்களுக்கே புரியவில்லை. ரெண்டு ப்ரொப்பல்லரையும் சேர்த்துக் குறைப்பதாக நினைத்து ஒன்றைத்தான் குறைத்தார்கள். விசாரணைக்குப் பிறகு, 2019-ல், வேகக் கட்டுப்பாட்டைக் கையால் தள்ளும் பழைய நெம்புகோலுக்கே மாற்றப்போவதாகக் கடற்படை அறிவித்தது.

ஆகவே கீழ்வீட்டில் எங்கேயும் சுவிட்சைத் தொடவில்லை. போர்டைக் கழற்றி, உள்ளே தீப்பெட்டி அளவு ரிலே மாட்யூலை (வைஃபையில் கட்டளை வந்தால் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் கருவி) வைத்து, பழைய சுவிட்சையே அதோடு இணைத்தாயிற்று. சுவிட்சிலும் போடலாம், திரையிலும் போடலாம், போனிலும் போடலாம். இதற்குப் போர்டுக்குள் நியூட்ரல் வயர் வேண்டும். நம் பக்கம் போர்டிலேயே ஒரு ப்ளக் பாயிண்ட் இருப்பது வழக்கம், அதில் நியூட்ரல் கிடைத்துவிடும். ப்ளக் இல்லாத போர்டென்றால் தனியாக இழுக்க வேண்டும். பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவரில் வயர் இழுப்பது தனி வேலை, கூலியும் தனி. அந்தச் சுவரின் கனத்துக்கு வைஃபையும் தாண்டாது. ரேழிக்கு வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் இன்னொன்று வைத்த பிறகுதான் வாசல் லைட் சொன்னபடி கேட்டது.

மோட்டாருக்கு அந்தச் சின்ன மாட்யூலை நேரடியாகக் கொடுக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் எலக்ட்ரீசியன் ஒத்துக்கொள்ளவே இல்லை. “ஸ்டார்ட்டிங்ல ஒட்டிக்கும் தம்பி, அப்பறம் ஆஃப் பண்ணாலும் நிக்காது. காண்டாக்டர் போடுங்க.” அவர் சொன்னது சரி. காண்டாக்டர் என்பது அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே. 1 ஹெச்பி என்பது 746 வாட். ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கிற மோட்டார், கிளம்பும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் ரிலேயின் முனைகள் அந்தப் பொறியில் உருகி ஒட்டிவிடும். ரிலே காண்டாக்டரை இயக்க, காண்டாக்டர் மோட்டாரை இயக்குவதுதான் முறை.

கரண்ட் போய்த் திரும்பும் நேரத்தைத் தனியாக யோசித்து வையுங்கள். ஒவ்வொரு மாட்யூலிலும் கரண்ட் வந்ததும் என்ன நிலையில் எழ வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும். லைட்டுக்குப் பழைய நிலை, மோட்டாருக்குக் கட்டாயம் ஆஃப். ரவுட்டருக்கும் ராஸ்பெரி பைக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை கரண்ட் வெட்டியும் எல்லாம் எழுந்து கைகோக்கச் சில நிமிஷம் ஆகும், அதுவரை திரை வெறும் படம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பட்டுக்கோட்டையில் சித்தி வீட்டில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டெல்டாவில் வீடு வைத்திருப்பவர்கள் எந்தக் கருவி வாங்கினாலும் அந்த நவம்பரை நினைத்துக்கொண்டு வாங்குவது நல்லது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டுக் கூடத்து டேப்லெட்டை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், வீட்டில் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. மேல்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு, இன்றைக்கு எத்தனை யூனிட், மூன்றும் பெரிய எழுத்தில் தெரியும். வோல்டேஜ்தான் அப்பாவுக்கு முக்கியம். 230 இருக்க வேண்டிய இடத்தில் கோடையில் 180-க்கு இறங்கும். அப்போது மோட்டார் போட்டால் அது அதிகக் கரண்ட் இழுத்து உள்ளே கம்பிச்சுருள் சூடேறும். 190-க்குக் கீழே இருந்தால் மோட்டார் கிளம்பாதபடி வைத்திருக்கிறேன். யூனிட் கணக்கு அம்மாவின் இலாகா. ரெண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் பில் கணக்கே மாறிவிடும் என்பதால், நெருங்கும்போது மாடி ஏசிக்குக் கட்டுப்பாடு வந்துவிடும்.

நாலாவதாக ஒரு எண் இருக்கிறது: மேட்டூர் நீர்மட்டம். அது தானாக வராது, காலையில் செய்தி பார்த்து நான் போனில் தட்டிவிடுவேன். முழு நீர்மட்டம் 120 அடி, அதற்கு எதிரே இன்றைய அடி. ஜூன் 12-க்குத் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்ற பேச்சு வைகாசியிலேயே எங்கள் கூடத்தில் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் அந்த எண்ணைப் பார்க்கவே எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறார்கள். இவ்வளவு செலவில் ஊருக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான் என்று அம்மா சொல்வதுண்டு.

பேட்டரியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. டேப்லெட்டை வருஷம் முழுக்கச் சார்ஜரிலேயே வைத்தால் லித்தியம் பேட்டரி எப்போதும் நூறு சதவீதத்தில் நின்று, நம் வெயிலும் சேர்ந்து, உப்பத் தொடங்கும். எங்களுடைய முதல் டேப்லெட்டில் கீழ் ஓரத்தில் கண்ணாடி சட்டத்தை விட்டு நகக்கண் அளவு எழும்பியது. அந்தப் பிளவு வழியாகத் திரையின் வெளிச்சம் ஒரு கோடாகக் கசிந்தது. அந்த நிலையில் அழுத்திப் பார்ப்பதோ மறுபடி சார்ஜ் போடுவதோ ஆபத்து. உடனே கழற்றிவிட்டோம். இப்போதுள்ளதன் சார்ஜர் ஒரு ஸ்மார்ட் ப்ளக்கில் இருக்கிறது. 30 சதவீதத்துக்கு இறங்கினால் போடும், 80-ல் நிறுத்தும். வெயில் நேரே விழும் சுவரிலும் மாட்டாதீர்கள்.

செலவென்று பார்த்தால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டேப்லெட்டே போதும். பணம் போவது மாட்யூல், காண்டாக்டர், யுபிஎஸ், கூலி இவற்றுக்குத்தான். முதலில் ஒரே ஒரு போர்டுக்குப் பின்னால் மாட்யூல் வைத்து ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். இடியில் தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். எங்கள் மாடியில் ஒரு கண்ணாடி பேனல் போன ஐப்பசி இடியில் போய்விட்டது, அங்கே சாதாரண சுவிட்ச் வந்தாயிற்று. இன்னொன்றையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீசியனுக்கும் நாலு மா நிலம் இருக்கிறது, அறுவடை முடிந்துதான் வருவார்.