அப்பர் பாடியதும் சேக்கிழார் சொன்னதும்: இறை அனுபவத்தை எழுத எது வழி?

தனக்குக் கிடைத்த இறை அனுபவத்தை எழுத உட்காருகிறவர்களிடம் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்வேன். இரண்டும் ஒரே சம்பவத்தைப் பற்றியவை. சூலை நோயில், அதாவது கடும் வயிற்றுவலியில், துடித்த அப்பர் என்கிற திருநாவுக்கரசர், 7-ஆம் நூற்றாண்டில் திருவதிகை வீரட்டானம் என்ற சிவன் கோயிலில் பாடிய ‘கூற்றாயினவாறு’ எனத் தொடங்கும் பத்துப் பாட்டுப் பதிகம் ஒன்று. அதே நிகழ்ச்சியை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்னது மற்றொன்று.

பதிகத்தில் கதையே கிடையாது, வலிதான் இருக்கிறது. ‘குடரோடு துடக்கி முடக்கியிட’ என்று எடுத்த எடுப்பிலேயே வயிற்றுக்குள் கொண்டுபோய் விடுகிறார். நான்காம் பாட்டில் ‘சுடுகின்றது சூலை தவிர்த்தருளீர்’ என்று நேராகவே கேட்கிறார். ஐந்தாம் பாட்டில், கரையில் நின்றவர்கள் ஆழத்தில் தள்ளிவிட, நிலைகொள்ளத் துறை தெரியாமல் தவிப்பவராகத் தன்னைக் காட்டுகிறார். ஒன்பதாம் பாட்டில் கோபமே வந்துவிடுகிறது. அடியார் படும் பாடு இதுதானென்றால், என்னைப் போன்றவர்கள் இனி உம்மை நம்ப மாட்டார்கள் என்று சிவனிடமே சொல்கிறார். பக்தியைப் பற்றி எழுதும் பலர் இந்த இடத்தை மழுப்பிவிடுவார்கள். அப்பர் மறைக்கவில்லை. கடைசிப் பாட்டிலும் ‘வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தால்’ என்றுதான் இருக்கிறது. வலி தீர்ந்ததாகப் பத்துப் பாட்டில் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

தீர்ந்தது என்று சொல்கிறவர் சேக்கிழார். நோய் அகன்றது, ‘நாவுக்கரசு’ என்ற பெயர் வந்தது என்று முடிவு வரைக்கும் கொண்டுபோகிறார். முன்கதையும் அவரிடம்தான் கிடைக்கிறது: மருள்நீக்கியார் என்ற இயற்பெயர் கொண்ட அப்பர் சமணத்துக்குப் போனது, அங்கே தருமசேனர் என்று பெயர் பெற்றது, அக்கா திலகவதியாரைத் தேடி இரவில் திருவதிகைக்கு வந்தது எல்லாமே. ஒரு குறை, சமணர்களை அவர் ஒரு பக்கமாகவே காட்டுகிறார். முடிவு தெரிந்தபின் கதை சொன்னால், எதிர்த்தரப்பு சிறுத்துப்போகிற ஆபத்து எப்போதும் உண்டு. தன் வலியை மட்டும் பாடுகிற பதிகத்துக்கு எதிர்த்தரப்பே தேவைப்படவில்லை.

ஆனால் ஓரிடத்தில் சேக்கிழார்தான் முந்துகிறார். எட்டாம் பாட்டில் அப்பர், ‘சலித்தால் ஒருவர்துணை யாரும் இல்லை’ என்கிறார். வலியில் இருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும், அது பொய்யல்ல. சேக்கிழார் கண்ணுக்கோ அவர் பக்கத்தில் அக்கா தெரிகிறாள். தம்பி ஆளனுப்பி அழைத்தபோது சமணப் பாழிக்கு (துறவிகள் தங்குமிடத்துக்கு) வரமாட்டேன் என்று மறுத்தவள், அவரே வந்து காலில் விழுந்ததும் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுக்கிறாள். விடியும் முன்பே துடைப்பமும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலைக் கூட்டி மெழுகக் கிளம்பும்போது, தம்பியையும் கூட்டிப்போகிறாள். சேக்கிழார் இல்லாவிட்டால் அந்தக் காலைப்பொழுது நமக்குக் கிடைத்திருக்காது.

ஆக, சொந்த அனுபவத்தை எழுத என் தேர்வு அப்பர் வழிதான். சேக்கிழாருக்கு ஐந்நூறு ஆண்டுத் தூரம் இருந்தது, முழுக்கதையும் கையில் இருந்தது. நேற்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்கு அது கிடையாது. அவர் ‘கடவுள் என்னைக் காப்பாற்றினார்’ என்று தொடங்கினால், படிப்பவருக்கு முதல் வரியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு என்ன வேண்டினார், யாரைத் திட்டினார் என்று எழுதினால் கூடவே வருவார்கள். அதோடு, வேண்டியது கிடைக்காதவர்களுக்கும் அப்பர் வழியில் இடம் உண்டு. நோய் தீராத வீட்டிலிருந்தும் அந்தப் பதிகத்தைப் பாடலாம்.

சேக்கிழாரிடமிருந்து ஒன்றை மட்டும் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். எழுதி முடித்ததும், அந்த நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர், விபூதி பூசிவிட்டவர், இரவெல்லாம் விழித்திருந்தவர் உள்ளே இருக்கிறார்களா என்று ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.