லுனுகங்கா: ஏரிக்கரையில் வீடு கட்டப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய மண்வேலை

இலங்கையில் பெந்தோட்டைக்குப் பக்கம், தெத்துவ ஏரிக்கரையில் இருக்கிறது லுனுகங்கா. தங்கலாம், தோட்டத்தை மட்டும் சுற்றிப் பார்த்தும் வரலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-ல் வாங்கியபோது இது ரப்பர்த் தோட்டம். 1998-ல் பக்கவாதம் வரும்வரை வெட்டுவதும் நிரப்புவதும் நடுவதுமாகவே இருந்தார். அறைகள் அழகுதான், ஆனால் இங்கே காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது மண்வேலை.

வாசலைத் தெற்கே மாற்றிவிட்டார். வீட்டைக் கடந்து வடக்குத் தளத்துக்கு வந்தால்தான் ஏரி. வடக்கு என்பதால் கண் கூசாது. மேற்கே தண்ணீர் உள்ள வீட்டில் நாலு மணி வெயில் ஏரியில் பட்டுக் கீழிருந்து உள்ளே அடிக்கும். இறவாரத்தை எவ்வளவு நீட்டினாலும் நிற்காது. தாழ்ந்த புதர் வரிசைதான் தடுக்கும்.

தெற்கே கறுவாக் குன்று. அதன் தலையைச் சீவி இறக்கியதால், அப்பால் ஏரியின் கீற்றும், அதற்கும் அப்பால் விகாரையின் வெள்ளைத் தாதுகோபமும் (பௌத்தத் தூபி) வீட்டிலிருந்தே தெரிகின்றன. நடுவே மகிழ மரத்தடியில் ஒரு பெரிய சீன ஜாடி. அதை எடுத்துவிட்டால் கண் நேரே தூரத்துக்கு ஓடிவிடும். குன்று இருப்பதே உறைக்காது.

உங்கள் மனையில் இப்படிச் செய்ய, திண்ணை வரும் இடத்தில் நாற்காலி போடுங்கள். உட்கார்ந்த கண் மட்டம் சுமார் மூன்றே முக்கால் அடி. அங்கிருந்து தண்ணீர் விளிம்பைக் குறிபார்த்து நூல் கட்டி, நூலை இடிக்கிற மண்ணை மட்டும் சீவுங்கள். மேல்மண் அரையடியைத் தனியே குவித்து வைத்துக் கடைசியில் பரப்ப வேண்டும். அடிமண்ணோடு கலந்தால் புல் பிடிக்காது. இரண்டடிக்கு ஓரடி இறக்கத்தைவிடச் செங்குத்தாக வெட்டினால் பெருமழையில் கரைந்து ஏரிக்குள் போய்விடும்.

வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே பொதுச் சாலை ஓடுகிறது. பள்ளத்தில் இறங்கியிருப்பதால் கண்ணில் படாது. உங்கள் மனையில் வேலிக்குப் பதிலாகவும் இப்படி ஒரு பள்ளம் உதவும்: வீட்டுப் பக்கம் நாலடித் தாங்குசுவர், எதிர்ப்பக்கம் சரிவு. ஐந்தடிக்கு ஒரு கசிவுத் துளை விடாவிட்டால் பின்னால் தேங்கும் தண்ணீரில் சுவர் வயிறு தள்ளும். பள்ளத்தின் அடியில் நூறடிக்கு ஓரடி வாட்டமாவது வேண்டும். இல்லையேல் கொசுப் பண்ணைதான்.

பத்திக் கலைஞர் எனா த சில்வாவுக்காகப் பாவா கொழும்பில் கட்டிய வீடும், அங்கிருந்து பெயர்த்து வந்து மறுபடி கட்டப்பட்டு, இங்கே இருக்கிறது. முற்றத்தைச் சுற்றித் திரும்பிய நகரத்து வீடு அது; ஏரியோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க நல்லது.

குறை என்றால் ஈரம். இந்தப் பக்கத்து மழைக்கு வெள்ளைச் சுவரில் பாசி ஏறிக்கொண்டே இருக்கும். தோட்டக்காரர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் இந்த அளவில் ஆசைப்பட வேண்டாம். மே, ஜூன் மழையில் போனால் எந்தத் தண்ணீர் எங்கே வடிகிறது என்று பார்க்கலாம்.

இங்குள்ள ஈழத்தலரி (புளுமேரியா) மரங்களின் கிளைகள் படர்ந்து கிடப்பது தானாக அல்ல, எடை கட்டித் தொங்கவிட்டு வளைத்தவை. விரல் பருமனில் இருக்கும்போதே, சிறு எடையில் தொடங்கிக் கட்டுங்கள். முற்றிய கிளை கவட்டில் பிளந்துவிடும். கயிறு படும் இடத்தில் பழைய துணி சுற்றுங்கள். பால் கையில் பட்டால் அரிக்கும்.