மூணும் ஒரே பெட்டியில் வந்தால் போதுமா? தோட்டத்துப் பட்டறைக்கு எந்த வெல்டிங் செட்

சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கட்டுத்தரையை ஒட்டி, பதினாலுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தகரச் சாய்ப்பு. அதுதான் என் பட்டறை. பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில், காற்றாடிகள் சுற்றுகிற பக்கம். அதில் இப்போது இரண்டு வெல்டிங் செட் இருக்கின்றன. ஒன்று அப்பா காலத்து டிரான்ஸ்ஃபார்மர் செட். ரெண்டு ஆள் பிடித்தால்தான் நகரும். இன்னொன்று நாலு வருடத்துக்கு முன் வாங்கிய இன்வெர்ட்டர், எலக்ட்ரானிக் போர்டில் ஓடுகிற வெல்டிங் செட்: ராடு (மருந்து பூசிய குச்சியால் ஒட்டுவது), சி.ஓ.டூ (ரீலில் இருந்து கம்பி தானாக வர, கேஸ் காப்பில் ஒட்டுவது), ஆர்கான் (டங்ஸ்டன் முனையால் ஆர்கான் கேஸில் ஒட்டுவது) மூன்றும் அதிலேயே.

சித்தப்பா பையன் போன வாரம் வந்து அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மூணும் ஒண்ணுலயே வந்துருதுங்ணா, நானும் இதையே வாங்கிக்கறனுங்." அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பழைய செட்டை முதலில் முடித்துவிடலாம். உள்ளே காயில், இரும்புக் கோர், கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். காயில் எரிந்தாலும் கவலை இல்லை. கோயம்புத்தூரைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் மோட்டார் காயில் கட்டுகிற கடை ஒன்று இருக்கும். பம்பும் மோட்டாரும் செய்கிற சீமையில் பிறந்த லாபம் அது. ஆனால் இந்த மாதிரிப் பெரிய செட்டுக்கு ரெண்டு ஃபேஸ் வேண்டும். தோட்டத்தில் த்ரீ ஃபேஸ் என்றால் பெரும்பாலும் கிணற்று மோட்டாரின் இலவச லைன். அது தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. அதில் வயரை மாட்டிவிட்டு லைன்மேன் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வெல்டிங் வைக்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம். அது போக, 18 கேஜ் மெல்லிசு இரும்பு டியூபை இந்தச் செட்டில் ஒட்டினால் ஒட்டுகிற இடத்தைவிட ஓட்டை விழுகிற இடம்தான் அதிகம்.

அடுத்தது, தோளில் மாட்டிக்கொண்டு போகிற சின்ன ஆர்க் இன்வெர்ட்டர். விலை, மூணு வேலைப் பெட்டியில் பாதிகூட வராது. வீட்டு சிங்கிள் ஃபேஸிலேயே ஓடும், டி.சி. கரண்ட் என்பதால் ஆர்க் ஆடாமல் நிற்கும். ரெண்டரை எம்.எம். ராடு, 6013 என்கிற சாதா ரகம், 70, 80 ஆம்பியர். இதை வைத்தே கேட், ஏர்க்கொழு, டிராக்டர் டிரெய்லர் கொக்கி எல்லாம் முடித்துவிடலாம். தோட்டத்து வேலை மட்டும்தான் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, இதையே வாங்குங்கள்.

பிறகு நான் ஏன் பெரிதை வாங்கினேன்? ஜன்னல் கிரில்லும் கோழிக்கூண்டும்தான் காரணம். சி.ஓ.டூவில் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும், ஒரு கையால் பிடித்து டேக் (சின்னச் சின்னப் பொட்டு வெல்டு) போட்டுக்கொண்டே போகலாம், வெல்டு மேல் படிகிற ஸ்லாக் ஓட்டைத் தட்ட வேண்டாம். ராடில் ஒவ்வொரு முறையும் கடைசி ரெண்டு அங்குலத்தைத் தூக்கி எறிகிறோம். இதில் அந்தச் சேதாரமும் இல்லை. ஒன்றேகால் எம்.எம். தகட்டில் 0.8 எம்.எம். கம்பியை வைத்து ஓட்டுகிற சுகம் ஒருமுறை பழகிவிட்டால் ராடை எடுக்க மனசு வராது.

இதெல்லாம் தை, மாசியில். ஆனி பிறந்தால் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் ஆவணி வரைக்கும் ஓயாது. சி.ஓ.டூ வெல்டிங்கில் உருகிய இரும்பைக் காக்கிறது கையில் பிடிக்கிற டார்ச்சின் வாயில், கம்பியைச் சுற்றி வருகிற கேஸ் மட்டும்தான். சேலை முந்தானை ஆடுகிற அளவு காற்று அடித்தாலே அந்தக் கேஸ் கலைந்துவிடும். மேலே பார்த்தால் வெல்டு நன்றாகத்தான் இருக்கும். கிரைண்டர் போட்டால் உள்ளே தேன்கூடு. முதல் வருட ஆடியில், நிமிடத்துக்கு 12 லிட்டர் கேஸ் போதாது என்று நினைத்து 25 வரை ஏற்றினேன். இன்னும் மோசம். வேகமாக வருகிற கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கிறது. பாதி சிலிண்டர் போன பிறகுதான் புத்தி வந்தது.

காற்றுக்கு மருந்து ஃப்ளக்ஸ் கோர் கம்பி. உள்ளே மருந்து வைத்த கம்பி; தனக்கு வேண்டிய புகையைத் தானே போட்டுக்கொள்ளும், சிலிண்டர் வேண்டாம். ஆனால் சும்மா கம்பியை மட்டும் மாற்றினால் நடக்காது. கேஸில் ஓட்டுகிற சாதாக் கம்பிக்கு டார்ச் பிளஸ், எர்த் (ஒட்டுகிற இரும்பில் மாட்டுகிற கிளிப்) மைனஸ். கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோருக்கு அது தலைகீழ்: டார்ச் மைனஸ், எர்த் பிளஸ். பெட்டியின் முன்பக்கத்தில் சின்ன வயர் ஒன்று தொங்கும். அதைப் பிடுங்கி அடுத்த குழியில் சொருக வேண்டும். இதை மறந்துவிட்டு ஓட்டினால் பட்டாசு மாதிரி தெறிக்கும், வெல்டு உள்ளே இறங்காமல் மேலேயே உட்காரும். மெஷினைக் குறை சொல்கிறவர்கள் முதலில் அந்த வயரைப் பார்க்கட்டும். கம்பியைத் தள்ளுகிற ரோலரையும் மாற்ற வேண்டும். சாதாக் கம்பிக்கு வி பள்ளம், ஃப்ளக்ஸ் கோருக்குச் சொரசொரப்புப் பல். அழுத்தத்தையும் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி நசுங்கிவிடும்.

ஆர்கானைப் பற்றிச் சுருக்கமாக. இந்தப் பெட்டியை ஆர்கான் வெல்டிங்குக்காக வாங்காதீர்கள். இதில் வருகிறது டி.சி. மட்டும். எஸ்.எஸ். கைப்பிடி, எவர்சில்வர் பாத்திரம் வைக்கலாம், அலுமினியத்துக்கு ஏ.சி. வேண்டும், நம் பெட்டியில் நடக்காது. சி.ஓ.டூ சிலிண்டரை வைத்தும் ஒப்பேற்ற முடியாது, டங்ஸ்டன் முனை கருகிவிடும். ஆக, தனி ஆர்கான் சிலிண்டர், தனி ரெகுலேட்டர், தனி டார்ச். மூணும் ஒண்ணு என்று சொல்லி விற்கிறவர் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார். நாலு வருடத்தில் நான் ஆர்கான் வைத்தது இரண்டே முறை.

கரண்டுக் கணக்கு முக்கியம். 100 ஆம்பியரில் வைக்கும்போதே லைனில் பதினெட்டு, இருபது ஆம்பியர் இழுக்கும். 160-க்குப் போனால் முப்பதைத் தாண்டும். வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் சொருகி இளகிப்போன பிளக்கை நான் பார்த்திருக்கிறேன். மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். வயர் இழுத்து, 32 ஆம்பியர் எம்.சி.பி. (ட்ரிப் ஸ்விட்ச்) போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் 200 ஆம்பியர், 60 சதவீதம் என்று எழுதியிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் அந்த ஆம்பியரில் ஓட்டலாம் என்று அர்த்தம். அதுவும் 40 டிகிரிக்குப் போட்ட கணக்கு. சித்திரையில் தகரச் சாய்ப்புக்குள் 40 எல்லாம் காலையிலேயே தாண்டிவிடும்.

பராமரிப்பில்தான் உண்மையான வித்தியாசம். பக்கத்துத் தோட்டத்தில் விசைத்தறி ஓடுகிறது. அந்தப் பஞ்சுத் தூசியும் கிரைண்டர் இரும்புத் தூளும் ஃபேன் வழியாக உள்ளே போய்ப் படியும். இரும்புத் தூள் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டில் படிந்தால் ஷார்ட். ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விட்டு, மூடியைக் கழற்றிக் காற்றடிக்கிறேன். அதைச் செய்யாத ஒரு ஐப்பசியில் பெட்டி பட்டென்று நின்றது. சர்வீஸ்காரப் பையன் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள பல்லி கருகிக் கெடக்குதுங்ணா" என்றான். சூட்டுக்கு உள்ளே போய், போர்டில் இருக்கிற பார்ட்டின் ரெண்டு கால்களுக்கு நடுவில் படுத்திருக்கிறது. போர்டு வர இருபது நாள். அந்த இருபது நாளும் ராடும் இல்லை, சி.ஓ.டூவும் இல்லை. மூணும் ஒண்ணில் என்றால் படுக்கும்போதும் மூணும் ஒண்ணாகத்தான் படுக்கும். அப்போது, கட்டுத்தரைத் தூணை ஒட்ட, அப்பா செட்டைத் தூக்கிக்கொண்டு பங்காளி வீட்டுத் த்ரீ ஃபேஸுக்குத்தான் போனேன். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களும் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி செய்கிறவர்களும் ஏன் ஒவ்வொரு வேலைக்கும் தனி மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. இப்போது ஃபேன் வாய்க்குக் கொசுவலைக் கம்பி கட்டியிருக்கிறேன். காற்றோட்டம் குறையாமல் இருக்க வாரம் ஒருமுறை தட்டிவிடுகிறேன். கம்பி ரீலை மழைக்காலத்தில் கழற்றி மூடி போட்ட பக்கெட்டில் வைக்க வேண்டும். துரு பிடித்த கம்பி, டார்ச் கேபிளுக்குள் கம்பி ஓடுகிற லைனர் குழாயை அடைக்கும், அப்புறம் டார்ச் முனையில் இருக்கிற டிப் ஒன்றுக்குப் பத்தாகப் போகும்.

தம்பிக்கு இப்போதைக்கு வேலை ஒரு கேட்டும் நாலு படலும்தான். சின்ன ஆர்க் செட்டை வாங்கு, மிச்சக் காசில் வயரிங் போடு, ஆடிக் காற்று அடங்கின பிறகு கம்பி மெஷினைப் பற்றி யோசி என்றேன். "சரிங்ணா, ஐப்பசில பாக்கலாங்" என்று எழுந்தவன், போகிற போக்கில் என் ஃப்ளக்ஸ் கோர் ரீலை எடுத்து வண்டிப் பையில் போட்டுக்கொண்டான். எந்த மெஷினில் மாட்டப்போகிறான் என்று நான் கேட்பதற்குள் வண்டி தோட்டத்துத் தடத்தைத் தாண்டிவிட்டது.