மிஞ்சும் பிளாஸ்டிக்: எண்ணெய் எடுப்பதா, சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவதா?

எங்கள் குப்பை தரம் பிரிக்கிற ஷெட்டில் பெட் பாட்டில், பால் கவர், உடைந்த பக்கெட் எல்லாம் பழைய பொருள் கடைக்குப் போய்விடும். யாரும் வாங்காமல் மிஞ்சுவது சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேவும் அழுக்கான கேரி பேக்கும்தான். இதற்கு எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. சின்ன பைரோலிசிஸ் மெஷின் (காற்றில்லாமல் சூடாக்கும் உலை) வாங்கி எண்ணெய் எடுப்பது, இல்லையென்றால் பேல் கட்டி, அதாவது அமுக்கிக் கட்டுகளாக்கி, சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புவது. நாங்கள் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறோம், மறுபடி முடிவெடுக்கச் சொன்னாலும் அதையேதான் செய்வேன்.

தெருவில் கொளுத்துவதைவிட இரண்டுமே மேல், இரண்டுமே மறுசுழற்சி ஆகாது, சரி.

எண்ணெய் எடுப்பது பொய் வித்தை இல்லை. காற்றுப் புகாத உலையில் 400 டிகிரி அளவில் சூடாக்கினால் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகள் அறுந்து ஆவியாகும், அதைக் குளிர்வித்தால் எண்ணெய். டேராடூனில் இருக்கும் இந்திய பெட்ரோலிய நிறுவனம் அரசு எரிவாயு நிறுவனமான கெயிலோடு சேர்ந்து 2019-இல் நாளொன்றுக்கு ஒரு டன் கையாளும் ஆலையைத் தொடங்கியது. ஒரு டன்னுக்கு 800 லிட்டர் வரை டீசல் என்று அறிவித்தார்கள். ஆனால் அதெல்லாம் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் மாதிரி தேர்ந்த சரக்குக்குச் சொல்லும் கணக்கு.

நம் மூட்டையில் வருவது அப்படியா? மாத்திரை அட்டை, பிளெக்ஸ் பேனர், ரெக்சின் துண்டு, இவற்றில் பிவிசி இருக்கும். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின், சூடானதும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி உலையின் இரும்பை அரிக்கும். பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) கலந்துவிட்டால் எண்ணெய் அதிகம் வராது, குளிர்விக்கும் குழாயில் அமிலப் படிவு உறைந்து அடைத்துக்கொள்ளும். சிப்ஸ் கவரின் அலுமினியமும் ஒட்டியிருந்த மண்ணும், ஆவியாகாமல் மிஞ்சும் கரியோடு உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் உலையை ஆறவிட்டு, திறந்து, அந்தக் கரியைச் சுரண்டி எடுக்கணும், சரியாக ஆறாமல் திறந்தால் காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கலாம். அதைச் செய்யப்போவது யார்? எங்கள் ஷெட்டில் தரம் பிரிக்கும் அக்காமார்கள்தான். என்னைப் பொறுத்தவரை பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது, மெஷின் விலையெல்லாம் அப்புறம்தான்.

கிடைக்கும் எண்ணெயும் பாய்லருக்கோ ஃபர்னஸுக்கோ ஊற்றலாம், சுத்திகரிக்காமல் வண்டியில் ஊற்றினால் வம்பு. நாள்பட வைத்தால் கறுத்துப் பிசின் மாதிரி படியும்.

சிமெண்ட் சூளையில் தீச்சுவாலையே 2,000 டிகிரியைத் தொடும், உள்ளே கற்கள் 1,450 டிகிரியில் வேகின்றன. மிஞ்சும் சாம்பல் கிளிங்கரோடு (அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டிகளோடு) கலந்துவிடுவதால் கொட்ட இடம் தேட வேண்டாம். கொஞ்சம் மண்ணோ அலுமினியமோ இருந்தால் பெரிய விஷயமில்லை. குளோரின் மட்டும் அங்கேயும் ஆகாது, சூளைக்கு முன்னால் இருக்கும் பகுதியில் படிந்து அடைக்கும், அதனால் பிவிசியை நாங்கள் இப்போதும் தனியாகத்தான் எடுக்கிறோம். குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஆலைக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்சாலைகள் தங்கள் எரிபொருளில் 5 சதவீதமாவது அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது.

வருமானம் என்று பார்த்தால் இதில் ஒன்றும் இல்லை. லாரி வாடகை தேறினாலே நல்லது. பேலிங் மெஷின் கட்டாயம் வேண்டும், அமுக்காத கவரை ஏற்றினால் லாரியில் காற்றுதான் போகும். சிமெண்ட் ஆலைகள் இருக்கும் அரியலூர்ப் பக்கத்தவர்களுக்கு இது லேசு, கொடைக்கானல் மாதிரி மலை ஊருக்கு வாடகையே கணக்கை மாற்றிவிடலாம். ஒரே வகைச் சுத்தமான பாலிஎத்திலீன் கழிவு தினமும் வரும் தொழிற்சாலை என்றால் எண்ணெய் பக்கம் யோசிப்பதில் தவறில்லை. கரியைத் தானே வெளியேற்றி நிற்காமல் ஓடும் பெரிய எண்ணெய் ஆலைகளோடு எனக்குப் பழக்கமில்லை, நான் சொல்வது சின்ன மெஷின்களுக்குத்தான்.

அப்படியும் மெஷின் வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர் கொண்டுவரும் சரக்கில் டெமோ பார்க்காதீர்கள். உங்கள் ஷெட் மூட்டையை அப்படியே போட்டு ஓட்டச் சொல்லுங்கள், மறுநாள் உலையைத் திறந்து கரி எடுக்கும்போதும் கூடவே நில்லுங்கள்.