ஃப்ளோட்டா, டயாஃப்ரமா: ரேஸ் கார்ட்டுக்கு எந்த கார்புரேட்டர்?

125 சிசி ரேஸ் கார்ட் (பந்தயத்துக்கான கோ-கார்ட்) வாங்கப் போகிறவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு எஞ்சின்கள்தான் வந்து நிற்கும்: ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் மேக்ஸ், இத்தாலியின் ஐயாமே எக்ஸ்30. இரண்டுமே டூ-ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்பவை, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிறவை. எது வேகம் என்ற பேச்சுக்கு முடிவே இல்லை, அதை விட்டுவிடுகிறேன். நீங்கள் ஓட்டப் போகும் போட்டியின் விதிகளே பாதி முடிவை எடுத்துவிடும். மீதிப் பாதிக்கு நான் பார்த்தது எரிபொருள் அமைப்பை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை. ரோடாக்ஸ் எடுத்தேன்.

ரோடாக்ஸில் இருப்பது டெல்லோர்ட்டோ கார்புரேட்டர். நம் பழைய பைக்குகளில் பார்த்ததுதான்: கீழே கிண்ணம், அதில் மிதக்கும் ஃப்ளோட், அளவு நிறைந்ததும் மூடிக்கொள்ளும் ஊசி வால்வு. கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிக்கூட்டின்) அழுத்தத் துடிப்பில் இயங்கும் பெட்ரோல் பம்பு தனியாக இருக்கும். எக்ஸ்30-இல் இருப்பது டில்லட்சன் என்ற டயாஃப்ரம் கார்புரேட்டர். அதில் கிண்ணமே கிடையாது, பம்பும் கார்புரேட்டருக்குள்ளேயே அடக்கம். எஞ்சின் உறிஞ்சும்போது மெல்லிய தாள் போன்ற டயாஃப்ரம் ஒன்று வளைந்து லீவரை அழுத்தும், ஊசி திறக்கும், பெட்ரோல் வரும். மரம் அறுக்கும் செயின்சாவில் உள்ள அதே முறை என்பதால் எப்படிக் கவிழ்த்தாலும் வேலை செய்யும்.

டிராக்கில் டயாஃப்ரம்தான் சௌகரியம், அதை மறுக்க முடியாது. காலையில் குளிர்ந்த காற்று, மதியம் வெயில் என்றால் எக்ஸ்30 காரர் எல், ஹெச் (குறைந்த வேகத்துக்கு ஒன்று, அதிக வேகத்துக்கு ஒன்று) என்ற இரண்டு திருகுகளைக் கொஞ்சம் திருப்பிவிட்டுப் போய்விடுவார். நான் கிண்ணத்தின் அடி மூடியைக் கழற்றி மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளையுள்ள திருகை, மாற்ற வேண்டும். கடல் மட்டத்தில் உள்ள சென்னையில் சரியாக ஓடிய ஜெட், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். அங்கே ஒரு சின்ன ஜெட் தேவைப்படும். அதனால் ஜெட் பெட்டி ஒன்று எப்போதும் கூடவே வரும்.

ஆனால் கார்ட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வண்டி ஓடும் நாள்களைவிட ஷெட்டில் நிற்கும் நாள்கள்தான் மிக அதிகம். நிற்கும்போது என்ன ஆகிறது என்பதில்தான் எனக்கு இந்த விஷயமே முடிவானது.

டூ-ஸ்ட்ரோக் பெட்ரோலில் எண்ணெய் கலந்திருக்கிறது. ரோடாக்ஸுக்கு 50:1, அதாவது 2%. பெட்ரோல் ஆவியாகிப் போகும், எண்ணெய் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். ஃப்ளோட் கார்புரேட்டரில் இதற்கு மருந்து சுலபம். நாள் முடிந்ததும் அடி மூடியைக் கழற்றிக் கிண்ணத்தைக் காலி செய்து, ஜெட்டுகளில் காற்றடித்துவிட்டால் போதும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். டயாஃப்ரமில் அந்தப் பிசுக்கு மெல்லிய தாளின் மேலேயும் ஊசியின் நுனியிலும் படிகிறது. தாள் விறைத்துப்போனால் வளைவது குறையும், ஊசி ஒட்டினால் திறக்க வேண்டிய அழுத்தம் மாறும். பாப்-ஆஃப் என்று சொல்வது இந்த அழுத்தத்தைத்தான். எக்ஸ்30-இல் இது 10 பிஎஸ்ஐ-க்குப் (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) பக்கத்தில் இருக்கும், அளக்கத் தனி கேஜ் வேண்டும். லீவரின் உயரமும் சரியாக இருக்க வேண்டும். டயாஃப்ரமும் ஊசியும் அடங்கிய கிட் வாங்கி மாற்றுவது பெரிய வேலையில்லை, ஆனால் மாற்றிய ஒவ்வொரு தடவையும் அளந்தாக வேண்டும்.

அப்புறம் பிரைம் செய்யும் வேலை, அதாவது ஸ்டார்ட் செய்வதற்கு முன் கார்புரேட்டர் வரை பெட்ரோலைக் கொண்டுவருவது. டேங்க் காலியானாலும் ஃபில்டர் மாற்றினாலும் குழாயில் காற்று புகுந்துவிடும். டேங்க் கார்புரேட்டரைவிடத் தாழ்வாக இருப்பதால் பெட்ரோல் தானாக ஏறி வராது. ரோடாக்ஸில் டேங்கின் காற்றுக் குழாயில் மெதுவாக ஊதினால் போதும். பெட்ரோல் ஃபில்டரைத் தாண்டி, பம்புக்குள் உள்ள ஒருவழி வால்வுகளைத் தள்ளிக்கொண்டு கிண்ணத்தில் போய் நிறையும். ஃப்ளோட் உயர்ந்ததும் ஊசி மூடிக்கொள்ளும், குழாயில் ஓட்டம் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம்.

எக்ஸ்30-இல் அதே மாதிரி ஊதலாம், ஆனால் பெட்ரோல் ஊசி வரைக்கும்தான் போகும். 10 பிஎஸ்ஐ-யில் திறக்கும் ஊசி வாயால் ஊதும் காற்றுக்கு அசையாது. எஞ்சின் உறிஞ்சினால்தான் திறக்கும். அதற்காகக் காற்று உள்ளே போகும் ஏர்பாக்ஸைக் கழற்றி, கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, விட்டுவிட்டு ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிடுகிறார்கள். அதிகமானால் பிளக் நனைந்துவிடும், பேட்டரியும் இறங்கும். கை பழகியவருக்கு இது நொடி வேலை. மகனுக்கு வண்டி வாங்கித் தந்து, தானே மெக்கானிக்காகவும் நிற்கும் அப்பாவுக்கு அப்படியில்லை. எந்த வண்டியானாலும் பெட்ரோலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டாம்.

ரோடாக்ஸுக்கும் கவலைகள் உண்டு. தனி பம்பிலும் டயாஃப்ரம் இருக்கிறது, அதுவும் விறைக்கும். கிராங்க்கேஸிலிருந்து பம்புக்கு வரும் பல்ஸ் குழாயில் விரிசல் விட்டால் நேர்ப்பாதையின் கடைசியில் எஞ்சின் பெட்ரோலுக்கு ஏங்கும். டிராக் ஓரத்து மேட்டின் (கர்ப்) மேல் ஏறிக் குதித்தால் கிண்ணத்தில் பெட்ரோல் அலைந்து ஒரு கணம் திணறுவதும் உண்டு. ஃப்ளோட் ஊசியில் தூசி சிக்கினால் பெட்ரோல் வழியும். ஆனால் இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள்.

எக்ஸ்30-ஐ நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை, நண்பர்களின் வண்டியில் கை வைத்த அளவுக்குத்தான் பழக்கம். வாரம் தவறாமல் ஓட்டுகிறவரின் டில்லட்சன் காய்வதற்கே நேரம் இருக்காது, அவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். பங்க் பெட்ரோலில் இப்போது 20% எத்தனால் வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், சில வகை ரப்பரை ஊத வைக்கும். அதனால் எந்த வண்டி எடுத்தாலும் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்க வேண்டாம். பழைய எக்ஸ்30 பார்க்கப் போகிறீர்கள் என்றால், விலை பேசுவதற்கு முன்னால் கேஜை மாட்டி பாப்-ஆஃப் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.