உவர்மலை மாலை வகுப்பு: வைகோட்ஸ்கிக்காகவே போகலாம்

ஆசிரியர் டிப்ளோமாவுக்குப் படிக்கிறவர்களுக்காக திருகோணமலை உவர்மலையில் ஒரு மாடி வீட்டில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் கல்வி உளவியல் வகுப்புக்கு மூன்று மாதம் போனேன், போன கிழமைதான் முடிந்தது. காசு கொடுத்துப் போகலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பரீட்சைக்கு மட்டும் என்றால் இதைவிட வேறு வகுப்புகள் இருக்கின்றன. நாளைக்கு வகுப்பறையில் நிற்கப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் போங்கள்.

ஏன் என்றால் நான்காவது வகுப்பு. உளவியலாளர் வைகோட்ஸ்கியின் 'அண்மை விருத்தி வலயம்' நம் எல்லோருக்கும் பாடம்: பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் தெரிந்த ஒருவர் கைகொடுத்தால் செய்யக்கூடியதற்கும் நடுவில் உள்ள இடம். பரீட்சையில் மூன்று வரி, ஐந்து புள்ளி. சேர் அன்றைக்கு ரியூட்டை, அதாவது பாடக் குறிப்பை, மூடச் சொல்லிவிட்டு, இந்த மனுசன் சின்ன வயதில் எப்படிப் படித்தார் தெரியுமா என்று தொடங்கினார். 1896இல் ஓர்ஷாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, கோமெலில் வளர்ந்தவர், இரண்டும் இன்றைய பெலாரஸில். முதலில் பள்ளிக்கூடமே போகவில்லை, சொலமன் அஷ்பிஸ் என்ற ஆசிரியர் வீட்டில் வைத்துப் படிப்பித்தார். அவர் பாடம் சொல்லிக்கொண்டே போகிறவர் இல்லை, பிள்ளையைப் பேசவிட்டு, கேள்வி கேட்டுக் கேட்டே பிழையை அவனாகக் கண்டுபிடிக்க வைப்பவர். கடைசி வகுப்புகளுக்குக் கோமெலில் இருந்த தனியார் யூத உயர்பள்ளிக்குப் போனார். அந்த வயதிலேயே சில பொடியன்களைச் சேர்த்து யூத வரலாறு பேசும் ஒரு வட்டத்தை அவரே நடத்தியிருக்கிறார். சரி, இப்போது அந்த மூன்று வரியைத் திரும்ப வாசித்துப் பாருங்கள் என்றார் சேர். தெரிந்த ஒருவர் கைகொடுப்பது என்பது அந்தப் பிள்ளை தினமும் அனுபவித்தது என்றுதான் எனக்குப் பட்டது.

1913இல் தங்கப் பதக்கத்தோடு படிப்பை முடித்தவருக்கு மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியில்லை. யூதர்களுக்கு 3 வீதம்தான், அதுவும் அந்த வருடம் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள், அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. சேர் இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள். படித்து முடித்துக் கோமெலுக்கே திரும்பி அங்கே ஆசிரியராக இருந்திருக்கிறார். 1934இல் காசநோயில் இறந்தபோது வயது 37.

பிறகு ஹவ்ருத்தா. யூதர்களின் மார்க்கப் பள்ளிகளில் தல்மூத் என்ற பழைய மார்க்கச் சட்ட நூலை இரண்டு பேர் எதிரெதிரே இருந்து சத்தமாக வாசித்து, ஒருவர் விளக்க மற்றவர் மறுத்து, சண்டை பிடிக்கிற மாதிரியே படிப்பார்கள். சேர் எங்களையும் அப்படி உட்கார வைத்தார். எனக்குச் சோடியாகக் கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு ரீச்சர், இருபது வருடம் படிப்பித்தவர். நான் பாட்டுக்கு விளக்கிக்கொண்டு போக, அவர் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, எனக்கு விளங்கல. உங்கட ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரிச் சொல்லுங்க" என்றார். மூன்று தரம் சொன்னேன், மூன்றாம் தரம்தான் எனக்கே விளங்கவில்லை என்பது தெரிந்தது. என் பள்ளிக்கூடக் காலம் முழுக்க விளங்கவில்லை என்று சொன்னால் அடி விழும் என்றுதான் இருந்தேன், அதனால் என் பிள்ளைகளும் என்னிடம் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதை அந்த மேசையில் வைத்துத்தான் உணர்ந்தேன். வெட்கப்படுகிறவனால் கற்க முடியாது, கடுகடுப்பவனால் கற்பிக்க முடியாது என்று ஹில்லெல் என்ற பழைய யூத ஆசான் சொன்னதாக அன்றைக்கு வாசித்த தாளிலேயே இருந்தது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 என்றால் ஓர் உதவியாளர், 50 என்றால் இரண்டு ஆசிரியர்கள் என்று தல்மூதிலேயே கணக்கு இருக்கிறதாம். என் வகுப்பில் 41 பேர், உதவிக்கு ஒருவரும் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. ரியூட் போட்டோக்கொப்பி பல பக்கங்களில் வாசிக்க முடியாத மங்கல், காசு வாங்குகிறவர்கள் இதையாவது ஒழுங்காகத் தரவேண்டும். முப்பது பேருக்கு ஒரே மின்விசிறி. கடந்தகால வினாத்தாள்களுக்குக் கடைசி இரண்டு வகுப்புதான் ஒதுக்கினார்கள், அது போதவே போதாது, விடை எழுதும் முறையை நான் வேறு ஒருவரிடம் கேட்டுத்தான் படித்தேன். ஆறு மணிக்கு முடியும் என்றது ஆறரை, ஆறேமுக்கால் ஆகும், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை நினைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த ரீச்சர் இரண்டு தரம் பாதியில் எழும்பிப் போனார்.

போன செவ்வாய் என் பிள்ளைகளைச் சோடி சோடியாகத் திருப்பி வைத்துப் பின்னம் செய்ய விட்டேன். சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்தார். ஆனால் வருடத் தொடக்கத்திலிருந்து வாயே திறக்காத ஒரு பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை இழுத்து, "இது எப்படி எட்டு வந்தது?" என்று கேட்டாள்.

அடுத்த பிரிவு தை மாதம் தொடங்குகிறதாம். நான்கு மணி வகுப்புக்கு மூன்றரைக்கே போய்விடுங்கள், ஜன்னல் பக்கத்து மேசை கிடைக்கும்.