மாஸி பெர்குசன் 35: சரிசெய்யலாமா, எடைக்குப் போடலாமா?

துருப்பிடித்து நிற்கும் மாஸி பெர்குசன் 35 டீசல் டிராக்டரை என்ன செய்வது என்று யாராவது கேட்டால், "எத்தனை சிலிண்டர்?" என்றுதான் முதலில் கேட்பேன். இன்ஜின் ஹெட்டில் டீசலைப் பீய்ச்சும் நாசில்களை (சிலிண்டருக்கு ஒன்று) எண்ணினால் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் வந்தவற்றில் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் இன்ஜின். குளிரில் ஸ்டார்ட் ஆக அது படுத்தும் பாடு பேர்போனது. அது ஜாம் ஆகிக் கிடந்தால் நான் கை வைக்க மாட்டேன்; கியர்பாக்ஸையும் ஹைட்ராலிக் பாகங்களையும் கழற்றிப் பத்திரப்படுத்துவேன்.

1959-ல் வந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜின் என்றால் கதையே வேறு. 1964-ல் அறிமுகமான 135 மாடலுக்கும் அதே 2.5 லிட்டர் இன்ஜின் குடும்பம்தான். அதனால் லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உறை), பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

இன்ஜின் சுற்றவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்த வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நெட்டுக்குத்தாக நிற்கும் சைலன்சரை மூடாமல் விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடி நின்றதோ, அதில் போய்த் தேங்கும். பல சமயம் அந்த ஒரு பிஸ்டன் மட்டும்தான் துருவில் ஜாம் ஆகியிருக்கும். நாசில்களைக் கழற்றி, டீசலோடு கொஞ்சம் ஆயில் கலந்து ஊற்றி, நன்றாக ஊற விடுங்கள். அப்புறம் ஃப்ளைவீல் பல்லில் கம்பி கொடுத்து முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். வேறு வண்டியில் கட்டி, கியரில் போட்டு இழுக்கவே கூடாது. நன்றாக இருக்கும் கனெக்டிங் ராடும் வளைந்துவிடும். லைனரே கெட்டிருந்தாலும் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம்.

நான் பயப்படுவது வார்ப்பிரும்பு உடலில் விரிசல் விழுந்த வண்டிக்குத்தான். இதில் தனி சேஸிஸ் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஹவுசிங் மூன்றையும் போல்ட் போட்டு இணைத்திருப்பதால் மொத்த பாரத்தையும் அவையே தாங்குகின்றன. சந்தேகமான இடத்தைச் சுரண்டித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்துத் துணியால் ஒற்றி எடுங்கள். மேலே சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மெல்லிய ஈரக்கோடாகத் தெரியும். ஹவுசிங்கில் அப்படி ஒரு கோடு ஓடினால் நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வண்டியைப் பிரித்துவிடுவேன்.

ஹைட்ராலிக் பம்ப் பின்பக்க ஹவுசிங்குக்குள்ளேயே எண்ணெயில் முங்கியிருக்கிறது. கியருக்கும் அதே எண்ணெய்தான். கீழே இருக்கும் டிரெய்ன் பிளக்கைத் திறக்கும்போது எண்ணெய் வெளுத்துப் போய் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்குகளைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்கு? பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் இதன் ஹைட்ராலிக் லிஃப்டுக்காக. கலப்பையை வண்டியோடு மேலே இணைக்கும் கம்பியான மேல் லிங்க்கில் விழும் அழுத்தத்தை வைத்துக் கலப்பையின் ஆழத்தை அதுவே சரிசெய்துகொள்ளும். மண் இறுகிய இடம் வரும்போது லிஃப்ட் தானாகக் கொஞ்சம் ஏறி, அப்புறம் இறங்குவது எனக்கு இன்றும் அலுக்காத காட்சி. கீழ் லிங்க்குக்கு 22 மி.மீ., மேல் லிங்க்குக்கு 19 மி.மீ. விட்டமுள்ள இணைப்பு பின் (pin). இன்று விற்கும் சிறிய கருவிகளும் இதே அளவில் வருவதால் அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

பெரிய குறை, கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் ரோல் பார் இதில் வரவில்லை. பின்னால் கருவிகளைச் சுழற்றும் ஷாஃப்டான பி.டி.ஓ.வின் மூடியையும் பல வண்டிகளில் யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள்; நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் ஷாஃப்டில் துணி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். பெயின்ட் வாங்கும் முன் இந்த இரண்டையும், கூடவே சீட் பெல்ட்டையும் மாட்டுங்கள்.